தேங்காய் இல்லாத கரையில்: நன்னம்பிக்கை முனை முஸ்லிம்களின் அடுப்படி

மொராக்கோவின் தஞ்சா நகரிலிருந்து புறப்பட்டு அன்றைய உலகின் பெரும்பகுதியைச் சுற்றி வந்த இப்னு பதூதா, சுல்தான்களின் அவைகளையும் அறிஞர்களின் சபைகளையும் விரிவாக எழுதியவர். 1355-ஆம் ஆண்டு நிறைவுற்ற அப்பயண நூலில், எளிய மனிதருக்குரிய ஒரு குறையையும் அவர் மறைக்காது பதிவு செய்துள்ளார். மேற்குக் கடற்கரையின் ஹொன்னாவர் சுல்தானிடம் அவர் பதினொரு மாதங்கள் தங்கியிருந்தார். அக்காலம் முழுவதும் ரொட்டியை உண்ணவில்லை. மாலத்தீவு, இலங்கை, மஅபர், மலபார் ஆகிய பகுதிகளில் மூன்றாண்டுகள் சோறு மட்டுமே அவருக்கு உணவாயிற்று. இறுதியில் தண்ணீரின் துணையின்றிச் சோறு தொண்டையில் இறங்க மறுத்தது என்கிறார். மஅபர் என அரபுகள் குறித்தது நம் தமிழகக் கடற்கரையைத்தான். கோதுமை ரொட்டியில் வளர்ந்த ஒருவருக்கு, நெல் விளையும் நம் நாடு உணவு அரிதான ஊராகத் தோன்றியிருக்கிறது.

இந்நிலை இன்று திசை மாறி நிற்கிறது. வளைகுடா நாடுகளிலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பல்லாண்டு உழைத்துத் திரும்பியோர் நம் சிற்றூர்கள் தோறும் உள்ளனர். குப்ஸ் ரொட்டியும் ஹும்முஸும் ரெண்டாங் கறியும் அவர்களின் நாவுக்குப் பழகியவை. ஊர் திரும்பியபின் பரோட்டாக் கடையும் பிரியாணிக் கடையும் தவிர வேறொன்றும் கண்ணில் படுவதில்லை. வீட்டிலேனும் சமைத்துப் பார்க்கலாம் என்று செய்முறையை எடுத்தால், அதில் முதல் ஐந்து பொருள்களில் மூன்று நம் கடைத்தெருவில் கேள்விப்படாதவையாக இருக்கின்றன. முயற்சி அந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது.

ஒரு நாட்டின் சமையலை, அதன் பொருள்கள் கிடைக்காத மற்றொரு நாட்டில் நிலைநிறுத்த முடியுமா? முடியும் என்பதற்கு வரலாற்றில் மிகத் தெளிவான சான்று ஒன்று உண்டு. ஆப்பிரிக்காவின் தென்கோடியில், நன்னம்பிக்கை முனையில் வாழும் முஸ்லிம்களின் அடுப்படியே அது. அங்கு வந்து சேர்ந்தவர்கள் தாம் விரும்பி வந்தவர்களும் அல்லர். பொருள்களை மூட்டை கட்டி எடுத்து வந்தவர்களும் அல்லர். அவர்கள் கையாண்ட வழியை ஆராய்வது, இன்று சிற்றூர்ச் சமையலறையில் திகைத்து நிற்பவருக்கும் பயன் தருவதாகும்.

கப்பலில் வந்தோர்

1652-ஆம் ஆண்டு டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி தன் கப்பல்களுக்குக் காய்கறியும் இறைச்சியும் நன்னீரும் வழங்குவதற்காக முனையில் ஒரு தங்கலிடத்தை நிறுவியது. அதனை நடத்துவதற்கு வேண்டிய உழைப்பை அடிமைகளிடமிருந்து பெற்றது. அன்று தொடங்கி, ஆங்கிலேயர் அடிமை வணிகத்தைத் தடை செய்த 1808 வரை, ஏறத்தாழ 60,000 பேர் அங்கு கொண்டு சேர்க்கப்பட்டனர். ஜாவா, சுலவேசி முதலிய கிழக்கிந்தியத் தீவுகள், வங்காளம், சோழமண்டலக் கரை, மலபார், இலங்கை, மடகாஸ்கர், மொசாம்பிக் என அவர்களின் தாயகங்கள் பலவாகும். பிற்காலத்தில் அம்மக்களை மலாய்கள் என ஒரே பெயரால் அழைத்தனர் எனினும், அக்கூட்டத்தில் நம் கரையிலிருந்து கடத்தப்பட்டவர்களும் இருந்தனர் என்பதை மறத்தலாகாது. மலாய் மொழி கிழக்கிந்தியத் துறைமுகங்களின் பொதுமொழியாக இருந்ததால், பல நாட்டவரும் தமக்குள் பேசுவதற்கு அதனைப் பயன்படுத்தினர்.

அடிமைகளுடன் அரசியல் கைதிகளும் வந்தனர். டச்சுக்காரரை எதிர்த்த மக்காசார் அறிஞர் ஷெய்கு யூசுஃப், 1694-இல் தம் குடும்பத்தார், சீடர்கள் உட்பட 49 பேருடன் இங்கு நாடுகடத்தப்பட்டார். துவான் குரு என அழைக்கப்பட்ட திதோர் தீவின் இமாம் அப்துல்லாஹ் 1780-இல் கைதியாகக் கொண்டுவரப்பட்டு ராபன் தீவில் அடைக்கப்பட்டார். திருக்குர்ஆனைத் தம் நினைவிலிருந்தே எழுதி முடித்தவர் அவர். கேப் டவுனின் முதல் பள்ளிவாசலான அவ்வல் பள்ளி அவருடைய தலைமையில் இயங்கியது. இலங்கையிலிருந்து அடிமையாக வந்து விடுதலை பெற்ற கோரிடான் என்பவர் 1794-இல் வாங்கிய மனையில் அப்பள்ளி அமைந்தது. இஸ்லாமிய வழிபாட்டைப் பொதுவில் நடத்துவதற்குக் கம்பெனியின் சட்டம் தடை விதித்திருந்தது. 1804-இல்தான் சமயச் சுதந்திரம் சட்டப்படி வழங்கப்பட்டது. அடிமை நிலை 1834 டிசம்பர் முதல் நாள் ஒழிக்கப்பட்டபோதும், பயிற்சிக் காலம் என்ற பெயரில் 1838 வரை அவர்கள் பழைய எசமானர்களிடமே உழைக்க நேர்ந்தது.

இவ்வரலாற்றை இங்கு விரித்துரைப்பதற்குக் காரணம் உண்டு. கம்பெனியின் பதிவேடுகளில் அடிமைகளின் பெயர்கள் வங்காளத்தவர், மலபாரவர், கரையவர், மக்காசாரவர் எனப் பிறப்பிடத்தின் அடையாளத்தோடு மட்டுமே காணப்படுகின்றன. தந்தை பெயரும் குலப்பெயரும் அழிந்துபோயின. தாய்மொழியும் மூன்று நான்கு தலைமுறைகளில் மங்கியது. எசமானர்களின் சமையற்கட்டில் பணிபுரிந்த பெண்களும் ஆண்களும் கைப்பழக்கமாகக் காத்த சுவை மட்டும் அழியாது நின்றது.

முனையில் இருந்தவையும் இல்லாதவையும்

கிழக்கிந்தியத் தீவுகளின் சமையலுக்கு அடித்தளம் தேங்காய். தேங்காய்ப்பால் குழம்புக்குக் கொழுப்பும் செறிவும் தருகிறது. புளி புளிப்பைத் தருகிறது. கூனி இறாலைப் புளிக்கவைத்து இடித்த பெலாச்சான் விழுது சுவைக்கு ஆழம் தருகிறது. பனைவெல்லம் இனிப்பூட்டுகிறது, வாழையிலை பண்டத்தைப் பொதிந்து வேகவைக்க உதவுகிறது.

முனையின் தட்பவெப்பம் இவற்றுள் எதற்கும் இசையவில்லை. அங்கு மழை குளிர்காலத்தில் பெய்யும், கோடை வறண்டது. தென்னை அங்கு காய்ப்பதில்லை. ஆயினும் அந்நிலத்துக்கென வேறு செல்வங்கள் இருந்தன. கோய்கோய் மக்கள் வளர்த்த கொழுத்த வாலுடைய செம்மறியாடு, மாட்டுப்பால், கோதுமை, திராட்சை, சர்க்கரைப் பாதாமி, சீமைமாதுளை, குளிர்ந்த கடலின் மீன் ஆகியவை தாராளமாகக் கிடைத்தன. திராட்சைத் தோட்டங்களின் பயனாக வினிகர் எனப்படும் காடி எங்கும் இருந்தது. அரிசியும் மஞ்சளும் ஏலமும் கிராம்பும் பட்டையும் கீழ்த்திசையிலிருந்து வரும் கப்பல்களின் வழியே வந்து சேர்ந்தன.

எனவே, முனையின் சமையலாளர் முன் நின்ற கேள்வி தெளிவானது. மசாலாவும் கைப்பக்குவமும் தம்மிடம் உள்ளன. குழம்பைத் தாங்கும் அடிப்படைப் பொருள்கள் இல்லை. அவற்றின் இடத்தில் எதை வைப்பது?

மாற்றுப் பொருளின் இலக்கணம்

அவர்களின் விடையை மூன்று பண்டங்களில் காண்போம்.

முதலாவது பொபோத்தி. ஜாவாவில் துருவிய தேங்காயோடு மீனையோ இறைச்சியையோ மசாலாவுடன் பிசைந்து, வாழையிலையில் பொதிந்து ஆவியில் வேகவைக்கும் போத்தோக் என்ற பண்டம் உண்டு. பொபோத்தியை அதனோடு தொடர்புபடுத்துவோர் உளர். முனையில் அது கொத்திய ஆட்டிறைச்சிப் பண்டமாக உருவெடுத்தது. மஞ்சளும் மசாலாவும் சேர்த்து வதக்கிய இறைச்சியில், பாலில் ஊறவைத்த ரொட்டியைப் பிசைந்து, உலர்திராட்சையும் சிறிது புளிப்பும் சேர்த்துத் தட்டில் பரப்புவர். அதன்மீது முட்டையும் பாலும் கலந்து ஊற்றி, எலுமிச்சை இலையையோ பிரிஞ்சி இலை போன்ற வாசனை இலையையோ செருகி, கணப்படுப்பில் வாட்டி எடுப்பர்.

இங்கு நிகழ்ந்த மாற்றத்தைச் சற்று நுணுகிப் பார்த்தல் வேண்டும். தேங்காயின் முதற்பாலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கொழுப்பு உண்டு. பசும்பாலில் நூற்றுக்கு நான்கு பங்கு அளவே உண்டு. ஆகவே, தேங்காய்ப்பாலுக்கு ஈடாகப் பசும்பாலை அப்படியே ஊற்றினால் குழம்பு நீர்த்துப்போகும், செறிவு கிடைக்காது. அச்சமையலாளர்கள் பாலோடு முட்டையைச் சேர்த்தனர். முட்டை சூட்டில் உறைந்து பாலைப் பிடித்துக்கொள்கிறது. ரொட்டித் துணுக்கு ஈரத்தை உறிஞ்சி இறைச்சியை மென்மையாக்குகிறது. தேங்காய் ஒன்றே செய்த இரு வேலைகளை இரு வேறு பொருள்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்தனர். இல்லாத பொருளின் தோற்றத்தை ஒத்த ஒன்றை அவர்கள் தேடவில்லை. அப்பொருள் சட்டியில் என்ன வேலை செய்தது என்பதைக் கண்டு, அவ்வேலையைச் செய்ய வல்லவற்றைத் தேடினர்.

இரண்டாவது சொசாத்தி. தீவுகளின் சாத்தே எனும் கம்பியில் கோத்த இறைச்சியே இப்பெயரில் முனையில் வழங்குகிறது. ஆட்டிறைச்சித் துண்டுகளை மசாலாவும் காடியும் கலந்த ஊறலில் இட்டு, இடையிடையே உலர்ந்த சர்க்கரைப் பாதாமியைக் கோத்து நெருப்பில் சுடுவர். புளியைத் தருவித்துச் சமைத்த வீடுகளும் இருந்தன. புளி இல்லாத வீட்டில் காடியும் பாதாமியும் ஒன்றுசேர்ந்து அதன் பணியைச் செய்தன. காரணம் யாதெனில், புளியில் புளிப்பு மட்டும் இல்லை. பழச்சதையின் கனமும் மெல்லிய இனிப்பும் உண்டு. காடி கூர்மையான புளிப்பை மட்டுமே தரும். கொதிக்கும்போது அதன் ஒரு பகுதி ஆவியாகவும் போய்விடும். எனவே கனத்துக்கும் இனிப்புக்கும் உலர்பழம் துணை சேர்ந்தது.

இவ்விணைப்பு முனைக்கு மட்டும் உரியதன்று. 1226-இல் பாக்தாதில் முஹம்மது இப்னு அல்ஹசன் அல்பக்தாதி எழுதிய சமையல் நூலில் சிக்பாஜ் என்ற இறைச்சிப் பண்டம் இடம்பெறுகிறது. பாரசீக வழியில் வந்த அதிலும் காடியின் புளிப்போடு இனிப்பும் உலர்பழமும் கூடுகின்றன. அதே சிக்பாஜ் மேற்கே ஸ்பெயினுக்குச் சென்று, எஸ்கபேச்சே என்ற பெயரில் காடியில் ஊறிய மீனாக மாறிற்று என்பர் சொல்லாராய்ச்சியாளர். இடம் மாறும்போது பண்டம் பொருளை மாற்றிக்கொள்வது நெடுங்கால வழக்கம் என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

மூன்றாவது பிளாச்சாங். பெலாச்சான் என்ற இறால் விழுதின் பெயரே இது. இன்று முனையில் இப்பெயரால் வழங்குவது உலர்ந்த பாதாமியும் காடியும் மிளகாயும் சேர்த்துக் காய்ச்சிய தொடுகறியாகும். இறால் முற்றாக மறைந்துவிட்டது. பெயர் மட்டும் எஞ்சியது. எனினும் சோற்றின் ஓரத்தில் வைத்து, சிறிது சிறிதாகத் தொட்டு உண்ணும் காரமான துணை என்ற அதன் இடம் மாறவில்லை. உணவில் ஒரு பொருளுக்குரிய இடத்தையும் அவர்கள் ஒரு மரபாகவே பேணினர் எனலாம்.

சொற்களின் சான்று

முனையில் வழங்கும் சொற்கள் இவ்வரலாற்றுக்கு உறுதி சேர்க்கின்றன. ஊறுகாய்க்கு அங்கு அச்சார் என்று பெயர். பாரசீகம், மலாய் வழியாக வந்த அச்சொல்லே இலங்கைத் தமிழில் அச்சாறு என வழங்குகிறது. சீமைமாதுளையையோ ஆப்பிளையோ துருவி மிளகாயும் காடியும் சேர்த்தால் அது சம்பால். மஞ்சளுக்குப் போரி என்பது பெயர். மஞ்சளும் உலர்திராட்சையும் இட்ட சோறு விருந்துகளில் இடம்பெறும். ஆப்ரிகான்ஸ் மொழியில் வாழைப்பழத்தைப் பிஸாங் என்பதும் மிகுதியைப் பாயே என்பதும் மலாய் மொழியின் கொடைகள்.

தமிழ் வாசகருக்கு வியப்பளிக்கக்கூடிய சொல் ஒன்றும் உண்டு. தென்னாப்பிரிக்காவில் கமலா ஆரஞ்சு வகையை நார்ச்சி என்பர். அது நம் நாரத்தை என்ற சொல்லிலிருந்து பிறந்தது என அகராதிகள் குறிக்கின்றன. கேப் முஸ்லிம் வீடுகளில் ஞாயிறு காலைகளில் செய்யும் கூசிஸ்டர் என்ற பண்டத்தில் இந்த நார்ச்சியின் உலர்ந்த தோலைப் பொடித்துச் சேர்ப்பர். ஏலம், பட்டை, சோம்பு ஆகியவற்றோடு பிசைந்த மாவை எண்ணெயில் பொரித்து, பாகில் இட்டு, தேங்காய்த் துருவலைத் தூவுவது வழக்கம். தமிழ்ச் சொல்லும் மலாய்க் கைப்பக்குவமும் ஆப்பிரிக்கக் கோதுமையும் ஒரே பண்டத்தில் கூடியிருக்கின்றன.

மீலாது நாளை ஒட்டி முனைப் பெண்கள் பள்ளிவாசலில் கூடி, ஆரஞ்சு, எலுமிச்சை மரங்களின் இலைகளை மெல்லிதாக நறுக்கி, நறுமண எண்ணெய் தெளித்துச் சிறு பொட்டலங்களாகக் கட்டும் வழக்கமும் குறிப்பிடத்தக்கது. மலாய் நாட்டில் மலர் இதழ்களையும் தாழையினத்து மண இலையையும் நறுக்கிச் செய்யும் ரம்பாய் கலவையின் பெயரே இதற்கும் வழங்குகிறது. மணத்துக்கும் அவர்கள் மாற்றுக் கண்டனர் என்பதை இது காட்டுகிறது.

விடுதியின் இடத்தில் வீடு

அடிமைகளுக்கும் அவர்களின் வழித்தோன்றல்களுக்கும் தம் உணவை வழங்கும் விடுதிகள் என நெடுங்காலம் எவையும் இருக்கவில்லை. வீடுகளே அப்பணியைச் செய்தன. ரமளான் மாதத்தில் நோன்பு திறக்கும் நேரத்துக்குச் சற்று முன்னர், மூடிய தட்டுகளை ஏந்திய சிறுவர்கள் அண்டை வீடுகளுக்கு நடந்துசெல்லும் காட்சியை இன்றும் கேப் டவுனின் முஸ்லிம் தெருக்களில் காணலாம். ஒரு வீட்டில் ஒரு பண்டம் செய்தால் போதும். மாலையில் எல்லா வீடுகளிலும் பல பண்டங்கள் சேர்ந்துவிடும். நோன்பு திறத்தலை அவர்கள் பூக்கா என்கின்றனர். அதுவும் மலாய்ச் சொல்லே. மவ்லிது முதலிய நிகழ்ச்சிகளுக்குச் செல்வோர் வீடு திரும்பும்போது எடுத்துச் செல்லும் பலகாரப் பொட்டலத்துக்குப் பரக்கத் என்று பெயர்.

இவ்வழக்கங்களுக்கு ஆன்மிகப் பயனோடு கல்விப் பயனும் உண்டு. அண்டை வீட்டுத் தட்டில் வந்த பண்டத்தைச் சுவைத்த பெண், அதில் காடி மிகுந்ததா, மசாலா குறைந்ததா என அறிகிறாள். மறுநாள் அவ்வீட்டாரிடம் கேட்கிறாள். எழுத்தில் இல்லாத பாடத்திட்டம் ஒன்று தெருவெங்கும் இவ்வாறு நடைபெற்றது.

நிறவெறி அரசு 1950-இல் இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தை இயற்றி, 1966-இல் கேப் டவுனின் ஆறாம் வட்டாரத்தை வெள்ளையருக்கு மட்டும் உரியதென அறிவித்தது. அதனைத் தொடர்ந்து 60,000-க்கும் மேற்பட்டோர் நகருக்கு வெளியே மணற்பரப்பான குடியிருப்புகளுக்கு அப்புறப்படுத்தப்பட்டனர். அவர்களுள் முஸ்லிம்கள் பலர். வீடுகள் இடிக்கப்பட்டன; அண்டை வீட்டார் சிதறினர். தட்டுகள் செல்லும் தெருவே இல்லாமற் போன அந்நிலையிலும், புதிய இடங்களில் அதே பண்டங்களும் அதே பரிமாற்றமும் மீண்டும் தொடங்கின. அவர்களின் முன்னோர் முன்பே ஒருமுறை கடந்துவந்த சோதனைதான் அது.

இன்று பொபோத்தியும் சொசாத்தியும் தென்னாப்பிரிக்கா முழுமைக்கும் உரிய உணவாகப் போற்றப்படுகின்றன. அவற்றை முதன்முதல் சமைத்தவர்களின் பெயரை எவரும் அறியார். ஒரு பண்டத்தைப் பாராட்டும்போது அதனைத் தந்த கைகளையும் நினைவுகூர்வது நன்றியறிதலின் ஒரு பகுதியாகும்.

மார்க்க வரம்பு

அயல்நாட்டு உணவை ஆக்கும் முஸ்லிமுக்குப் பொருள் கிடைப்பதோடு, அது ஆகுமானதா என்ற கேள்வியும் எழுகிறது. முனையில் இக்கேள்வி ஒரு பெரும் சர்ச்சையாகவே வெடித்தது. உஸ்மானிய அரசு 1862-இல் அனுப்பிய அபூபக்கர் எஃபெண்டி என்ற அறிஞர் மறு ஆண்டு கேப் டவுனை அடைந்தார். ஆப்ரிகான்ஸ் மொழியை அரபு எழுத்தில் எழுதி அவர் இயற்றிய பயானுத் தீன் என்ற நூல் 1877-இல் இஸ்தான்புல்லில் அச்சாயிற்று. நம் அரபுத் தமிழ் மரபோடு ஒப்புநோக்கத்தக்க நூல் அது. அவர் ஹனஃபி மத்ஹபின்படி, முனைக் கடலில் மிகுதியாகக் கிடைக்கும் சிங்கி இறாலை உண்ணலாகாது என்றார். அங்கிருந்த மக்களோ ஷாஃபி மத்ஹபினர். கடல்வாழ் உயிர்களை உண்பதில் அம்மத்ஹபு விரிந்த இடம் தருகிறது. தலைமுறைகளாக உண்டுவந்த உணவு தடுக்கப்பட்டதாகக் கருதி அவர்கள் கொதித்தெழுந்தனர். ஒரே தெருவில் இரு மத்ஹபினரும் வாழும் நம் ஊர்களில் இறால் குறித்த உரையாடலைக் கேட்டவர்களுக்கு இச்செய்தி புதிதாக இராது.

காடி குறித்தும் ஃபிக்ஹு நூல்கள் நுட்பமாகப் பேசுகின்றன. மது தானாகவே காடியாக மாறிவிட்டால் அது தூய்மையானது. வேறொரு பொருளை இட்டு அதனைக் காடியாக்கினால் ஆகாது என்பது ஷாஃபி மத்ஹபு. அவ்வாறு ஆக்கினாலும் ஆகும் என்பது ஹனஃபி மத்ஹபு. திராட்சை மது பெருகிய நாட்டில் வாழ்ந்த முனை முஸ்லிம்களுக்கு இது ஏட்டளவான ஆய்வாக இருந்திருக்க இயலாது. இன்று ஜப்பானியச் சமையலின் மிரின், ஐரோப்பியக் குழம்புகளில் ஊற்றும் மது, இனிப்புகளில் சேர்க்கும் ஜெலட்டின் ஆகியவற்றிலும் இதே விழிப்பு வேண்டும். மிரின் ஒரு பண்டத்தில் இனிப்பும் மெருகும் தருகிறது. சிறிது சர்க்கரையும் ஒரு துளி காடியும் அவ்வேலையைப் பெரும்பாலும் செய்துவிடும். வேலையை அறிந்தவர் வரம்பைக் காப்பதும் எளிது.

நம் சிற்றூர்களில்

இப்பாடத்தை நம் சூழலுக்குப் பொருத்திப் பார்ப்போம். அயல்நாட்டுப் பண்டம் ஒன்றைச் சமைக்க விரும்புவோர், அதற்கான செய்முறைகள் மூன்றையேனும் திரட்டி ஒப்பிடுதல் நன்று. மூன்றிலும் மாறாது வருவது அப்பண்டத்தின் எலும்புக்கூடு. மாறுபடுவன அந்தந்த வீட்டின் வழக்கங்கள். பிறகு ஒவ்வொரு பொருளும் புளிப்புக்கா, கொழுப்புக்கா, மணத்துக்கா, செறிவுக்கா எனப் பிரித்து எழுதிக்கொள்ள வேண்டும். ஒரே வேளையில் ஒரு பொருளை மட்டும் மாற்றிப் பார்த்தால், எது பொருந்தியது, எது கெடுத்தது என்பது விளங்கும்.

அடுத்ததாக, அயல்பொருள் எனக் கருதுவது வேறு பெயரில் நம்மிடமே இருக்கக்கூடும். தென்கிழக்காசியச் சமையலில் லெங்குவாஸ் என வழங்கும் கிழங்கு நம் பேரரத்தையே. நாட்டு மருந்துக் கடையில் உலர்ந்த துண்டுகளாகக் கிடைக்கும். வெந்நீரில் ஊறவைத்து இடித்தால் ரெண்டாங் கறிக்கு உதவும். அக்கறிக்கு வேண்டிய காட்டெலுமிச்சை இலைக்கு ஈடாக இளம் நாரத்தை இலையைப் பயன்படுத்தலாம். வறுத்து இடித்த தேங்காயும் தேங்காய்ப்பாலும் நமக்குப் புதியன அல்ல. இத்தாலியரின் பேசில் கீரையும் நம் திருநீற்றுப் பச்சிலையும் ஒரே தாவர இனம். மணத்தில் மட்டும் வேறுபாடு உண்டு. சர்பத்தில் இடும் சப்ஜா விதை அதன் விதைதான். இறால் விழுது கிடைக்காத இடத்தில் சென்னாக்கூனியை வறுத்துப் பொடித்துக்கொள்ளலாம்.

அரபு நாட்டுப் பண்டங்களும் எட்டாதவை அல்ல. வெள்ளை எள்ளை நிறம் மாறாது வறுத்து, சிறிது எண்ணெய் விட்டு மைய அரைத்தால் தஹீனா. வெந்த கொண்டைக்கடலையோடு அது சேர்ந்தால் ஹும்முஸ். கெட்டித் தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டால் லப்னா. சுமாக் பொடியின் புளிப்புக்கு உலர்ந்த மாங்காய்ப் பொடி உதவும். கோதுமையை வேகவைத்து வெயிலில் உலர்த்தி உடைத்தால் புர்குல் ஆகிறது. மொராக்கோவின் குஸ்குஸுக்குப் பருமனான ரவையில் உப்பு நீரைத் தெளித்து, மாவைத் தூவி, உள்ளங்கையால் உருட்டிச் சலித்து, இருமுறை மும்முறை ஆவியில் வேகவைக்கிறார்கள். துணி விரித்த நம் இட்லிப் பானை அதற்குப் போதுமானது. ரொட்டி உப்பி எழுவதற்கு மட்டும் கடுஞ்சூடு இன்றியமையாதது. நன்கு காய்ந்த இரும்புக் கல்லில் இருபுறமும் வாட்டி, பின்னர் நேரடியாகத் தணலில் காட்டினால் அது கைகூடும்.

இவற்றிற்கெல்லாம் எல்லையும் உண்டு. கோதுமை மாவின் இழுவை கடலை மாவில் வாராது. எலுமிச்சையின் புத்துணர்வு வேண்டிய இடத்தில் புளியை ஊற்றினால் பண்டம் நம் குழம்பாகிவிடும். ஈடு காண இயலாதபோது அப்பண்டத்தை விட்டுவிட்டு வேறொன்றைத் தேர்வதே அறிவுடைமை.

செய்முறைகளைவிடச் சிறந்த ஆசான்களும் நம் ஊர்களிலேயே உள்ளனர். மலாய் நாட்டிலும் கொழும்பிலும் வாழ்ந்து திரும்பிய மூத்தோரின் நினைவில் சுவையின் அளவுகோல் இருக்கிறது. கீழக்கரையின் தொதலும், நம் கடற்கரை ஊர்களிலும் இலங்கையிலும் வழங்கும் வட்டிலப்பமும், மலாய் உலகோடு நாம் கொண்ட கடல் தொடர்பின் எச்சங்களே. தேங்காய்ப்பாலும் வெல்லமும் நம் கரையில் தாராளமாக இருந்தமையால் அப்பண்டங்கள் இங்கு உருமாறாமல் வேரூன்றின. தேங்காய் இல்லாத முனையில் அதே உலகின் பண்டங்கள் பாலும் முட்டையும் பாதாமியுமாக உருமாறி வாழ்ந்தன. இரு கரைகளிலும் அவற்றைக் காத்தவர்கள் வீட்டுப் பெண்கள். அவர்களின் கைப்பக்குவம் எழுதி வைக்கப்படாமலே ஒவ்வொரு மூதாட்டியோடும் மறைந்து வருகிறது என்பது நாம் கவலை கொள்ளவேண்டிய செய்தி. பாட்டிமாரின் அருகில் அமர்ந்து, அவர்கள் கைப்பிடியால் அளப்பதைப் படியாலும் கரண்டியாலும் அளந்து குறித்துவைக்கும் பணியை இளையோர் இன்றே தொடங்குதல் வேண்டும்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒருமுறை தம் வீட்டில் தொடுகறி கேட்டபோது, காடியைத் தவிர வேறொன்றும் இல்லை என்று கூறப்பட்டது. அவர்கள் அதனையே வரவழைத்து, நல்ல தொடுகறி என்று புகழ்ந்து உண்டார்கள் என ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெறுகிறது. வீட்டில் இருப்பதைக் கொண்டு நிறைவடைந்த அம்முன்மாதிரியின் வழியில், முனையின் அடிமைப் பெண்ணும் தன் முன்னிருந்த காடியையும் பாதாமியையும் எடுத்து, தான் இனி ஒருபோதும் காணவியலாத ஊரின் சுவையைத் தன் பிள்ளைகளுக்கு ஊட்டியிருக்கிறாள்.